கைபேசிக் கட்டத்தில் என் எண்

விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தில் கைபேசி எண்ணுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் விண்ணப்பதாரரின் சொந்த எண்ணை மட்டுமே எழுத வேண்டும். அலுவலக ஊழியர், இடையாள், பக்கத்து வீட்டார் எண்களை எழுதக் கூடாது என்று படிவத்தின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத அளவுள்ள எழுத்தில், ஒரு குறிப்பு இருந்தது. நான் படித்திருந்தேன். படித்ததோடு நில்லாமல் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எங்கள் பிரிவின் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் அந்த விதியை மீறினேன்.

என்னை வழியனுப்பிய கூட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் வந்து, உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கோப்பு தொடங்குவது, வரவுப் பதிவேட்டில் எண் போடுவது, மேலிடத்துக்குக் குறிப்பு எழுதுவது எல்லாவற்றையும் உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தரும். அது விட்டதைத் தணிக்கைக்காரர் சொல்லித் தருவார். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, முப்பது வருடப் பஞ்சாயத்து வேலையில் எனக்கு இன்றுவரை விளங்காத ஒரே ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எதுவரை இடம் கொடுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பது அது. இதில் நான் கிட்டத்தட்ட ஒரு சிநேகிதியை இழந்தேன். என் பேச்சைக் கேட்டு நடந்தால் நீங்களும் இழக்கலாம். கவனமாகப் படியுங்கள்.

அந்தச் சிநேகிதியின் பெயர் தங்கபாய். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் மேலே படித்து அரசு வேலைக்கு வந்தேன். அவள் ஏழாம் வகுப்போடு நின்று, கல்யாணம் ஆகி வெள்ளறடைப் பக்கம் போனாள். கணவன் இறந்த பிறகு அவன் பால் வெட்டிய ரப்பர் மரங்களை அவளே வெட்ட ஆரம்பித்தாள். விடிவதற்கு முன் மரத்துக்குப் போய், பத்து மணிக்குப் பால் எடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி ஆராதனைக்கு எங்கள் சபைக்கு வருவாள். அவள் பிறந்த சபை அது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சபையில் என்னைப் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் "ஏட்டி லீலா" என்று கூப்பிடுவாள். அலுவலகத்துக்கு வந்தால், எங்கள் பக்கம் பெண் அதிகாரியையும் சார் என்று அழைக்கிற முறையில், "சாறே" என்பாள். சிரிக்காமல், நிஜமாகவே மரியாதையோடு. வரிசையில் முறை வரும்வரை நிற்பாள். ஒருமுறை நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, "இஞ்ச நீ எனக்க லீலா இல்ல, சாறாக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். எல்லை வகுப்பது என்றால் என்ன என்று இப்போது பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அவள் ஒரு வரியில் முடித்தாள். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

விதவை ஓய்வூதியத்துக்கு அவள் விண்ணப்பம் கொண்டுவந்த நாளில் கைபேசிக் கட்டம் காலியாக இருந்தது. அவளிடம் போன் கிடையாது. அது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கேட்டால் ஆகாதா என்றாள். ஆகாது என்று சுவரைக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். நான் அதை வாங்கி அந்தக் கட்டத்தில் என் எண்ணை எழுதினேன். நீல மை, என் கையெழுத்து, பத்து இலக்கம். சாட்சியம் வேண்டுமென்றால் கோப்பு இன்னும் இருக்கிறது.

ஒரு எண்ணால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். அந்த எண்ணுக்கு என்ன வரும் என்று நினைக்கவில்லை. இப்போது எந்தக் காரியம் செய்தாலும் ஓடிபி என்று ஓர் ஆறு இலக்கம் போனுக்கு வருகிறது. அதைச் சொன்னால்தான் காரியம் நகரும். அந்த எண்ணை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று அதே செய்தியில் எழுதியிருக்கும். தங்கபாயின் ஓடிபி எனக்கு வந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. அவள் இணைய சேவைக் கடையில் நின்றுகொண்டு கடைக்காரர் போனில் கூப்பிடுவாள், நான் வாசித்துச் சொல்வேன், "செரி" என்று வைத்துவிடுவாள். அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததில் இதுதான் மோசமான பகுதி.

தொந்தரவு மற்றவர்களால் வந்தது. தங்கபாய்க்கு எழுதினீர்களே என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். அவளுக்கு எழுதினேன். அவள் மாமியாருக்கு எழுதினேன். நடக்க முடியாதவர், காது கேளாதவர், மகன் வளைகுடாவுக்குப் போன் எண்ணோடு போய்விட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. கொஞ்ச காலத்தில் என்னைக் கேட்காமலேயே என் எண்ணை எழுதத் தொடங்கினார்கள். பொழியூரிலிருந்து ஒருவர், எங்கள் பஞ்சாயத்தே இல்லை, முகம் பார்த்ததில்லை, படகு இயந்திரத்துக்கு மானியம் கேட்டு என் எண்ணைக் கொடுத்திருந்தார். நான் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டு, "யக்கா, நம்பர் வந்தா?" என்று கேட்டார். யார் என்றேன். அது எதற்கு, நம்பரைச் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அதுதான் என் லட்சணம்.

என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்த போனைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ரேசன் கார்டு எடுத்திரு. நம்மளவிட இதுக்குத்தான் பந்துக்கள் ஜாஸ்தி" என்றார். நான் கோபித்தேன். உண்மையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தாலுகாவில் பாதிப் பேரின் வாழ்க்கை என் கைப்பையில் கிடக்கிறது என்கிற பெருமை. நமக்கு இடைஞ்சல் செய்கிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்ளும் இடத்தில் பலநேரம் இதுவும் சேர்ந்து கிடக்கும். பயிற்சி வகுப்பில் இதற்குப் படம் போட மாட்டார்கள்.

அந்தச் சமயம் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு கிளார்க் மாற்றலாகி எங்கள் பிரிவுக்கு வந்தாள். என் பதவிதான், வயது பத்து குறைவு. அவளிடமும் ஒருவர் போன் எண் கேட்டார். "அது பற்றில்ல" என்றாள். முடியாது என்பதற்கு மலையாளத்தில் இவ்வளவு போதும். முகத்தில் கடுப்பு இல்லை, குரலில் மன்னிப்பும் இல்லை. அவள் அடுத்த கோப்பை எடுத்தாள். அவர் போய்விட்டார். மறுநாள் அதே ஆள் அவளுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் "பற்றில்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன் ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்கு வேண்டும் என்றோ, விதி இருக்கிறது என்றோ ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் டப்பாவிலிருந்த மரச்சீனிக் கிழங்கை எனக்குப் பாதி தள்ளிவிட்டுச் சொன்னாள்: "காரணம் பறஞ்ஞா, அதினு அவரு ஒரு மருந்து கொண்டு வரும், சேச்சி." காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஒரு வைத்தியம் கொண்டுவருவார்கள் என்றாள். அம்மாவுக்கு வேண்டும் என்றால், அம்மா தூங்கும்போது கொடுங்கள் என்பார்கள். அவள் சொன்னது சரி என்று உடனே புரிந்தது. எனக்கு அது வருமா என்பது புரியவில்லை. இந்த ஊரில் நான் பிறந்தவள். அவள் மூன்று வருடத்தில் கொல்லத்துக்குத் திரும்பிவிடுவாள். முடியாது என்று சொல்லப்பட்டவர்களோடு அவள் பெந்தெகொஸ்தே நாளில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதில்லை.

ஜனவரியில் என் மகளுக்கு நிச்சயம். எங்கள் சபையில்தான். சபைப் போதகரான ஐயர் ஜெபம் தொடங்கியபோது என் கைப்பை அதிர்ந்தது. நிறுத்தினேன். மறுபடி அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குனிந்தபடி வந்து என் தோளைத் தொட்டு, அவள் தம்பி கடையில் நிற்கிறான், நேரம் முடிந்தால் ஓடிபி செல்லாமல் போய்விடும், ஒரு நிமிடம் என்றாள். நான் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து, பைக்குள் தலையை விட்டு, ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாக அவள் காதில் சொன்னேன். நிமிர்ந்தபோது மோதிரம் மாற்றியாகிவிட்டது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் மேடையிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் சத்தம் போடவில்லை. "அம்மா, இண்ணைக்கு நிங்க யாருக்க அம்மையாக்கும்?" என்று மட்டும் கேட்டாள். முப்பது வருடத்தில் எத்தனையோ விளக்கம் கேட்புக் குறிப்புகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இது வந்ததும் எழுந்து பந்தி இலைகளை எடுக்கப் போனேன்.

அடுத்த வாரம் முடிவெடுத்தேன். இங்கேதான் என் அடுத்த தவறு. இது முதலாவதைவிடப் பெரியது. முடியாது என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சுற்றறிக்கை எழுதத் தெரியும். ஆகவே சுற்றறிக்கை எழுதினேன். அலுவலகக் காரியங்கள் அலுவலகத்தில் மட்டும், வேலை நாட்களில் காலை பத்து மணிக்கு மேல். பழைய எண் பிப்ரவரி முதல் திங்களிலிருந்து இயங்காது. ஒவ்வொருவரும் தத்தம் சொந்த எண்ணைப் பதிவு செய்துகொள்ளவும். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, என் வீட்டுக் கேட்டில் கட்டினேன். நடை அழகாக இருந்தது. கணவர் வாசித்துவிட்டு, நகல் யாருக்கெல்லாம் என்று கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பழைய சிம்மை எடுத்து ஊசி நூல் வைக்கும் டப்பாவில் போட்டேன். புதிய எண்ணை வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் கொடுத்தேன். அன்று மத்தியானம் நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன். விடுப்பு எடுத்திருந்தேன். அவ்வளவு சுகமான தூக்கம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

தங்கபாய் இருப்பது வெள்ளறடையில். என் வீட்டுக் கேட் இருப்பது பாறசாலையில். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அவளுக்குக் கண்ணில் புரை. ஒரு கண் அநேகமாக மறைந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பட்டையை வெட்டும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும். தோட்டக்காரர் ஒருமுறை பொறுப்பார், இரண்டாம் முறை வேறு ஆளைத் தேடுவார். இலை உதிரும் காலத்தில் பால் வெட்டு நிற்கும். வருடத்தில் அவளுக்கு ஓய்வு கிடைப்பது அந்தச் சில வாரங்கள்தான். அதற்குள் அறுவைக்கு நாள் வாங்கியிருந்தாள். இதை என்னிடம் சபையில் சொல்லியும் இருந்தாள். நான் நிச்சய வேலையில் தலையாட்டினேன்.

குறித்த நாளில் துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் காரக்கோணம் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். காப்பீட்டு அட்டையைக் காட்டியதும், பதிவிலுள்ள போனுக்கு ஓடிபி போயிருக்கிறது, சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது முறைதான். அந்த அட்டையிலும் இருந்தது என் பழைய எண். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் எண் என்னுடையது. துணைக்கு வந்தவள் போனிலிருந்து மத்தியானம்வரை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு அவள் முறை வேறு ஒருவருக்குப் போனது. இரண்டு பேரும் பஸ் ஏறித் திரும்பினார்கள்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். வரிசையில் நின்றாள். "சாறே, நம்பர் மாத்தணும்" என்றாள். யாருடைய எண் என்று கேட்டேன். துணைக்கு வந்த பெண்ணின் எண்ணைச் சொன்னாள். படிவம் கொடுத்தேன். அவள் என்னைச் "சாறே" என்றது வழக்கம்தானே. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சொந்த எண் இல்லாவிட்டாலும், ஒருவராவது முறைப்படி படிவம் கேட்டு வந்தாரே என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவளைப் பார்த்து, கண் என்னாயிற்று, நாள் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "அது ஒண்ணும் இல்ல, சாறே" என்றாள்.

சபை முற்றத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு அது மரியாதையாகத் தோன்றியிருக்கும். துணைக்குப் போன பெண்தான் பிறகு நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவிய ஒண்ணும் சொல்லேல்ல. போன் ஆஃபுல இருக்கு, சாறுக்கு ஜோலி இருக்கும்ணுதான் சொன்னாவ" என்றாள்.

இங்கே நீங்கள் என்னிடம் கேட்பீர்கள்: எது தவறு? என் எண்ணை எழுதியதா? அதை நிறுத்தியதா? நிறுத்திய விதமா? நானும் கேட்டுப் பார்த்தேன். எழுதாமல் இருந்திருந்தால் நாலு வருடம் அவளுக்கு ஓய்வூதியம் இல்லை. நிறுத்தாமல் இருந்திருந்தால் மகளின் கல்யாணத்திலும் பைக்குள் தலையை விட்டிருப்பேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்றால், அவர்கள் கேட்கும் முகத்தைப் பார்த்து நான் இன்னும் ஒரு வருடம் என்று இழுத்திருப்பேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தக் கணக்கு விடையோடு வருவதில்லை. கணவரிடம் கொடுத்தேன். அவருக்கும் வரவில்லை.

வழி தெரியாதபோது நான் எப்போதும் செய்வதைச் செய்தேன், மேலிடத்துக்கு எழுதினேன். என் எண் தவறுதலாகப் பல பயனாளிகளின் பதிவில் இருக்கிறது, அனைத்திலிருந்தும் நீக்க வேண்டும் என்று, பொருள், பார்வை எல்லாம் போட்டு. மூன்றே வாரத்தில் பதில் வந்தது. அப்படி வேகமாகப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. எண்ணை நீக்க வேண்டுமானால், உறுதிப்படுத்துவதற்காக அந்த எண்ணுக்கே ஓர் ஓடிபி வரும். அதைத் தெரிவிக்கவும் என்று இருந்தது. ஊசி நூல் டப்பாவைத் திறந்து சிம்மைத் திரும்ப எடுத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அலுவலகத்தில் உட்கார வைத்து, அவர்கள் மகன், மருமகள், பேத்தி எண்ணை வாங்கி மாற்றினேன், சுவரிலிருந்த விதிப்படி அதுவும் தப்புதான். ஓய்வு பெறும் நாள்வரை அதே வேலை. பொழியூர்க்காரர் கடைசியாக வந்தார். நேரில் பார்த்தபோது நல்ல மனுஷன். மீன் கொண்டுவந்திருந்தார். "பற்றில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது தமிழ் மாதிரி இருந்ததால் அவர் மீனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், தங்கபாயின் வீட்டுக்குப் போனேன். இலை தளிர்த்து வெட்டு மறுபடி தொடங்கியிருந்தது. அவள் பால் எடுத்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி எழுப்பினேன். கையில் ஒரு புதுப் போன், அவள் பெயரில் சிம் எடுக்க வேண்டிய படிவம், தெரிந்தவர் மூலம் விசாரித்து வைத்த ஆஸ்பத்திரித் தேதி. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்க நான் எல்லாவற்றையும் கட்டிலின்மேல் பரப்பி, இதில் கையெழுத்து, இதில் பெருவிரல் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். மன்னித்துக்கொள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் படிவம் இல்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பாலில்லாத கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் எழுந்தபோது போனைப் பெட்டியோடு என் பையில் திரும்ப வைத்தாள். "வேண்டாம், சாறே" என்றாள். காரணம் சொல்லவில்லை. கொல்லத்துக்காரி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாள். எனக்குத் திரும்பும் பஸ்ஸில் கோபம் வந்தது. இவ்வளவு செய்தேனே என்று. பாறசாலை வந்து இறங்கும்போதுதான், தூங்குகிறவளை எழுப்பி அவள் கட்டிலில் படிவம் பரப்பியதும், ஜெபத்தின் நடுவில் ஒருத்தி வந்து என் தோளைத் தொட்டதும் ஒரே காரியம்தானே என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அப்படியானால் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது தோன்றவில்லை.

மே முடிவில் ஓய்வு பெற்றேன். ஜூலையில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கபாய் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சபைக்கு வந்தாள். மழையில் வெட்டு நின்ற நாட்களில் அறுவையை முடித்துவிட்டிருந்தாள். தானே போன் வாங்கி, தானே அட்டையில் எண் மாற்றி, தானே நாள் வாங்கி. நான் கொண்டுபோன தேதி இல்லை, வேறு தேதி. அவளுக்குக் கண் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது சத்தியம். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எல்லாம் நடந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. அதுவும் சத்தியம். தொந்தரவு செய்யாதீர்கள் என்று கேட்டில் பலகை கட்டினவளுக்கு, ஒருத்தி தொந்தரவு செய்யாமல் இருந்தது தாங்கவில்லை. இதை எந்தத் தலைப்பில் கோப்பில் வைப்பது என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆகஸ்டில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழில். அவளுக்கு மலையாளத்தைவிடத் தமிழ் வாசிக்க எளிது. இரண்டு பேருக்கும் ஒரே டீச்சர்தான் எழுத்துச் சொல்லித் தந்தார். முதல் நகலில் பழக்க தோஷத்தால் பொருள் என்று எழுதிக் கோடு போட்டுவிட்டேன். கிழித்தேன். இரண்டாவதில் நான் அந்தச் சூழ்நிலையில் எடுத்த முடிவுக்கான காரணங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கின. அதையும் கிழித்தேன். மூன்றாவது ஆறு வரி. உன்னிடம் சொல்லாமல் போனை நிறுத்தினேன். உன்னிடம் மட்டுமாவது வந்து சொல்லியிருக்க வேண்டும். தூங்கும்போது எழுப்பியதும் தப்பு. மன்னித்துக்கொள். ஒரு சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரலாமா? கீழே என் புதிய எண். தபாலில் போட்டேன். சபையில் கையிலேயே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அங்கேயே ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும் அவளுக்கு. தபாலில் போட்டால் அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் அவளுடையது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யோசித்துச் செய்தேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

செப்டம்பர் போனது. ஞாயிறுகளில் அவள் "நல்லா இருக்கியளா, சாறே" என்பாள். கடிதம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துடித்தேன். நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதற்கு அலுவலகத்தில் பதினைந்து நாள் கணக்கு உண்டு. ஒவ்வொரு பதினைந்தாம் நாளும் எனக்குக் கை பரபரத்தது. கணவர் பேனாவை எடுத்து ஒளித்துவைத்தார் என்று சந்தேகப்படுகிறேன். அக்டோபரும் போனது. பதில் வராது என்பதும் ஒரு பதில்தான் என்று என்னையே சமாதானப்படுத்த ஆரம்பித்திருந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் போனைக் கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். பின்னால் கோழி கத்துகிறது. முழுவதையும் எழுதுகிறேன்.

"ஏட்டி லீலா, நான் தங்கபாயாக்கும். ஒனக்க கடுதாசி கிட்டிச்சு. சனியாழ்ச்ச வராண்டாம், வெட்டு முடிஞ்சு வந்தா எனக்கு ஒறங்கணும். ஞாயிறு சபை முடிஞ்சு நில்லு, பஸ்ஸுக்கு அரை மணிக்கூறு உண்டு, பேசலாம். நம்பர் இதாக்கும். காலத்தெ பத்து மணிக்கு முன்ன விளிக்காண்டாம், மரத்துல நிப்பேன். பின்னெ, ஒனக்க நம்பர நான் யாருக்கும் கொடுக்கேல்ல."

நான்கு தடவை கேட்டேன். வராதே என்கிறாள், கூப்பிடாதே என்கிறாள், அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்கிறாள். என்னை இவ்வளவு தடவை யாரும் ஒரே மூச்சில் மறுத்ததில்லை. ஆனாலும் நான் ஏன் சமையலறையில் நின்று அழுதேன் என்று கணவர் கேட்டபோது, முதல் வார்த்தையை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. எனக்கே முழுதாக விளங்கவில்லை.

வரவுப் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் பழக்கம் விடாது. நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் எழுதிவைத்தேன்: பதில் பெறப்பட்டது, நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு பத்து.